பவர் பட்டனுக்கும் பாஸ்வேர்டுக்கும் நடுவே... கம்ப்யூட்டர் ஏன் வாயைத் திறப்பதில்லை?

லேப்டாப்பின் பவர் பட்டனை அழுத்தியதும் கம்பெனி லோகோ வரும், சின்ன வட்டம் ஒன்று சுற்றும், பிறகு பாஸ்வேர்டு கேட்கும். பலருக்கு இது மொபைலில் ஒரு ரீல்ஸ் பார்த்து முடிக்கிற நேரம். பார்வை மாற்றுத்திறனாளி ஒருவர் அதே லேப்டாப்பை ஆன் செய்தால் அவருக்குக் கிடைப்பது ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும்தான். புதிய மாடல்கள் சிலவற்றில் அதுவும் கிடையாது.

உள்ளே என்ன நடக்கிறது? பாஸ்வேர்டு பெட்டி வந்து காத்துக்கொண்டிருக்கலாம். 'அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்' என்று திரை கெஞ்சிக்கொண்டிருக்கலாம். ஏதோ கோளாறு என்று நீலத் திரை வந்து நிற்கலாம். மூன்றுக்கும் வெளியே கேட்பது ஒரே நிசப்தம். அவசரப்பட்டு பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால், பாதி அப்டேட்டில் சிஸ்டம் படுத்துவிடும். காத்திருந்தால், எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம், "ஸ்கிரீன்ல என்ன இருக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்று கேட்க வேண்டியதுதான்.

ஸ்கிரீன் ரீடர் என்றாலே பேச்சு உடனே குரலின் பக்கம் போய்விடுகிறது. குரல் இயல்பாக இருக்கிறதா, தமிழ் உச்சரிப்பு சரியா, ஏஐ வைத்துப் படத்தை விவரிக்குமா என்றெல்லாம் விவாதிக்கிறார்கள். எல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால் அதற்கெல்லாம் முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது: அது எப்போது பேச ஆரம்பிக்கிறது? டெஸ்க்டாப் வந்த பிறகு எவ்வளவு அழகாகப் பேசினாலும், டெஸ்க்டாப் வரைக்கும் ஒருவரால் தனியாகப் போக முடியாவிட்டால் அந்த அழகால் என்ன பிரயோஜனம்?

முதலில், ஸ்கிரீன் ரீடர்னா என்ன?

திரையில் இருப்பதை எழுத்தாக எடுத்து, பேச்சாகவோ பிரெயிலாகவோ மாற்றிக் கொடுக்கும் மென்பொருள். தமிழில் 'திரைவாசிப்பான்' என்கிறார்கள். 1978-ல் ஒரு கார் விபத்தில் பார்வையை இழந்த முன்னாள் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் டெட் ஹென்டர் உருவாக்கிய 'ஜாஸ்', 1989-ல் டாஸ் காலத்திலேயே வந்துவிட்டது. விலை அதிகம். 2006-ல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் தொடங்கிய 'என்விடிஏ' முற்றிலும் இலவசம். 50-க்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது, தமிழும் அதில் உண்டு. விண்டோஸிலேயே 'நரேட்டர்' இருக்கிறது. மேக்கில் 2005 முதல் 'வாய்ஸ்ஓவர்'. லினக்ஸில் 'ஆர்கா'.

திரைவாசிப்பான் எழுத்தை எடுத்துக் கொடுக்கும். அதைக் குரலாக மாற்றுவது இன்னொரு மென்பொருளின் வேலை. இந்த இரண்டாவது ஆளைத்தான் ஸ்பீச் சிந்தசைசர் என்கிறோம். 'இ-ஸ்பீக்' அப்படி ஒன்று. ரோபோ மாதிரிதான் பேசும். ஆனால் சில எம்பி அளவுதான். தமிழ் உட்பட பல மொழிகள் அதற்குத் தெரியும். புதிதாகக் கேட்பவர்கள் முகம் சுளிக்கும் அந்தக் குரலை, பழகியவர்களில் பலர் நிமிடத்துக்கு 300 சொல்லுக்கு மேல் ஓடவிட்டுக் கேட்கிறார்கள். அந்த வேகத்திலும் எழுத்து எழுத்தாகப் புரிவதுதான் அதன் பலம்.

தனிப்பெட்டியில் இருந்த குரல்

இன்றைய மௌனம் எங்கிருந்து வந்தது என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒருகாலத்தில் குரல் என்பது கம்ப்யூட்டருக்குள் இல்லை. வெளியே தனிப்பெட்டியில் இருந்தது. 1984-ல் டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனம் கொண்டுவந்த 'டெக்டாக்' அந்த வகை. எம்ஐடியின் டென்னிஸ் கிளாட் செய்த ஆய்வுதான் அதன் அடிப்படை. ஸ்டீபன் ஹாக்கிங்கின் அந்தப் புகழ்பெற்ற குரலும் அதே ஆய்வில் இருந்து வந்ததுதான்.

பெட்டியை சீரியல் போர்ட்டில் செருகிவிட்டால் போதும். கம்ப்யூட்டர் எழுத்துகளை ஒயர் வழியாகத் தள்ளிவிடும். பேசுவது பெட்டியின் பொறுப்பு. சவுண்ட் கார்டு தயாரா, ஆடியோ சர்வீஸ் எழுந்துவிட்டதா என்ற கவலையே இல்லை. அதனால் கம்ப்யூட்டர் கண்விழிக்கும் ஆரம்பக் கட்டத்திலேயே பேச்சு வந்துவிடும். லினக்ஸ் உலகில் கிர்க் ரைசர் தொடங்கிய 'ஸ்பீக்கப்' இதைத்தான் செய்தது. கெர்னல் என்கிற லினக்ஸின் இதயத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, பூட் ஆகும்போது ஓடும் செய்திகளை அந்தப் பெட்டிக்கு அனுப்பியது. கண் தெரிந்தவர் திரையில் பார்க்கும் அதே வரிகளை, அதே நேரத்தில் இவரும் காதில் கேட்டார்.

பிறகு சவுண்ட் கார்டு மலிவாகி எல்லா மெஷினிலும் வந்தது. விலை கூடிய பெட்டி எதுக்கு, மென்பொருளே பேசட்டுமே என்றாகிவிட்டது. இது பெரிய நன்மை, சந்தேகமே இல்லை. இலவச என்விடிஏ சாத்தியமானதே இதனால்தான். ஆனால் கூடவே ஒரு நஷ்டமும் வந்தது, அதை யாரும் பெரிதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மென்பொருள் குரல் பேச வேண்டுமானால் கெர்னல் எழ வேண்டும், சவுண்ட் கார்டின் டிரைவர் ஏற வேண்டும், ஆடியோ சர்வீஸ் ஓட வேண்டும், சிந்தசைசர் கிளம்ப வேண்டும், கடைசியாக ஸ்கிரீன் ரீடர் வர வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி தாமதமானாலும் நிசப்தம்தான். பெட்டி காலத்தில் முதலில் வந்த குரல், இப்போது வரிசையில் கடைசி ஆளாக நிற்கிறது.

லாகின் திரை யாருடையது?

சரி, ஒருமுறை ஸ்கிரீன் ரீடரை இன்ஸ்டால் பண்ணிட்டா தானா பேசாதா? பேசும், லாகின் ஆன பிறகு. சிக்கல் அங்கேதான்.

விண்டோஸில் பாஸ்வேர்டு கேட்கும் திரை எந்தப் பயனருக்கும் சொந்தமில்லை. அது சிஸ்டத்தின் திரை. அந்த நிமிடத்தில் நீங்கள் யார் என்றே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. உங்கள் குரல், உங்கள் வேகம், உங்கள் செட்டிங்ஸ் எல்லாம் உங்கள் அக்கவுண்ட்டுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. பூட்டைத் திறக்க உதவ வேண்டிய குரலே பூட்டுக்கு உள்ளே இருக்கிறது.

இதற்கு வழி இருக்கிறது. என்விடிஏவில் இன்சர்ட், கண்ட்ரோல், 'ஜி' மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பொது அமைப்புகள் வரும். அதில் விண்டோஸில் நுழையும்போதே என்விடிஏவைப் பயன்படுத்தவும் என்று ஒரு டிக் பாக்ஸ் உண்டு. டிக் செய்தால் லாகின் திரையிலேயே பேசும். நரேட்டருக்கும் அதன் செட்டிங்ஸில் சைன்-இன் செய்வதற்கு முன் தொடங்கு என்ற தேர்வு இருக்கிறது, ஜாஸிலும் இருக்கிறது. எதுவுமே செட் பண்ணாத மெஷின் என்றால், லாகின் திரையில் விண்டோஸ் கீ, கண்ட்ரோல், என்டர் மூன்றையும் அழுத்தினால் நரேட்டர் எழுந்துவிடும். மேக்கில் கமாண்ட் கீயும் எஃப்5-உம்.

பலருக்கும் தெரியாத இன்னொரு படி என்விடிஏவில் உண்டு. டிக் மட்டும் செய்தால், லாகின் திரையில் பேசுவது இயல்புநிலை செட்டிங்ஸில். தான் பழகிய குரலும் வேகமும் அங்கே வராது. தற்போது சேமித்துள்ள அமைப்புகளை நுழைவுத் திரையிலும் பாதுகாப்புத் திரைகளிலும் பயன்படுத்தச் சொல்லும் பட்டனையும் தனியாக அழுத்த வேண்டும். தமிழ்க் குரலில் கேட்டுப் பழகியவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இத்தனைக்கும் ஒரு நிபந்தனை: அட்மின் உரிமை வேண்டும். வீட்டு லேப்டாப்பில் பிரச்னை இல்லை. அலுவலக லேப்டாப்பில்? அட்மின் பாஸ்வேர்டு ஐடி டீமிடம் இருக்கும். டிக்கெட் போட வேண்டும். டிக்கெட் போட லாகின் செய்ய வேண்டும். இந்த வட்டத்தை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சந்திக்கிறார்கள். ஐடி டீமில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்காது. அப்படி ஒரு டிக் பாக்ஸ் இருப்பதே தெரிந்திருக்காது. ஆனால் தெரியாமல் செய்தாலும் விளைவு ஒன்றுதான். தன் பாஸ்வேர்டைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லி டைப் செய்யச் சொல்லும் நிலை. 'பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதீர்கள்' என்று எல்லா நிறுவனங்களும் பயிற்சி வகுப்பு நடத்துகின்றன. அந்தப் பயிற்சியில் ஜெயிக்க முடியாத நிலையில் ஓர் ஊழியரை நிறுவனமே உட்கார வைக்கிறது.

'பீப்' என்று ஒரு சத்தம்

மென்பொருள் குரலை சீக்கிரமாகக் கிளப்பவே முடியாது என்று யாராவது சொன்னால், டெபியனைக் காட்டலாம். லினக்ஸ் வகைகளில் பழையது, தன்னார்வலர்கள் கட்டிக்காப்பது. இதன் இன்ஸ்டாலரை பென் டிரைவில் போட்டு பூட் செய்தால், மெனு தயாரானதும் பீப் சத்தம் வரும். பழைய பயாஸ் மெஷினில் ஒருமுறை, புதிய யூஇஎஃப்ஐ மெஷினில் இரண்டு முறை. சத்தம் கேட்டதும் 'எஸ்' கீயைத் தட்டி என்டர் அழுத்த வேண்டும். அவ்வளவுதான், இன்ஸ்டாலர் பேச ஆரம்பித்துவிடும். ஹார்டு டிஸ்க்கைப் பிரிப்பது முதல் பாஸ்வேர்டு வைப்பது வரை, முழு ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் பார்வையற்ற ஒருவர் யார் துணையும் இல்லாமல் நிறுவிவிடலாம்.

அந்த பீப்பைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். சவுண்ட் கார்டு இன்னும் எழவில்லை, பேச்சு சாத்தியமில்லை. ஆனால் 'நான் தயார், நீ இப்போது அழுத்தலாம்' என்று சொல்ல பேச்சு தேவையா என்ன? ஒரு பீப் போதும். பேச முடியாத கட்டத்திலும் தகவல் சொல்ல முடியும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

அடுத்ததாக அவர்கள் சமாளித்தது இன்னும் சுவாரஸ்யம். இன்றைய கம்ப்யூட்டர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட சவுண்ட் கார்டு இருப்பது சகஜம். மானிட்டரின் ஹெச்டிஎம்ஐ ஒன்று, மதர்போர்டில் ஒன்று, யுஎஸ்பி ஹெட்செட் இன்னொன்று. சிஸ்டம் தப்பானதைத் தேர்ந்தெடுத்தால், ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குள் குரல் போய் மாட்டிக்கொள்ளும். மென்பொருள் பேசிக்கொண்டே இருக்கும், கேட்கத்தான் ஆள் இல்லை. டெபியன் இன்ஸ்டாலர் என்ன செய்கிறது? ஒவ்வொரு கார்டு வழியாகவும் பேசிப் பார்க்கிறது. எதில் குரல் கேட்கிறதோ, கேட்டதும் என்டர் அழுத்தச் சொல்கிறது. கண்ணால் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய வேலையை, காதால் செய்யும் வேலையாக மாற்றிவிட்டார்கள்.

குரலோடு இன்ஸ்டால் செய்தால், நிறுவப்பட்ட சிஸ்டத்திலும் குரல் தொடரும்படி அதுவே செட் செய்துவிடுகிறது. கீழே நடப்பது இதுதான்: ஸ்பீக்கப்பின் 'சாஃப்ட்' மாட்யூல், பழைய பெட்டிக்குப் பதிலாக ஒரு பொய்ப் பெட்டியை உருவாக்குகிறது. கெர்னல் வழக்கம்போல எழுத்தை அதில் கொட்டுகிறது. 'இ-ஸ்பீக்கப்' என்ற குட்டி சர்வீஸ் அதை எடுத்து இ-ஸ்பீக்கிடம் தருகிறது. அந்த சர்வீஸை, யாரும் லாகின் ஆவதற்கு முன்பே, கம்ப்யூட்டர் தொடங்கும்போதே ஓடும்படி வைத்துவிட்டால் விஷயம் முடிந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக வரும் லாகின் வரியையும் அது படிக்கும்.

லினக்ஸை ரொம்பவும் புகழ வேண்டியதில்லை. கறுப்புத் திரையில் பேசும் குரல் சவுண்ட் கார்டைப் பிடித்துக்கொள்ள, டெஸ்க்டாப் வந்ததும் ஆர்கா ஊமையாகிவிடுவது அங்கே பலருக்கும் பழகிப்போன தலைவலி. ஸ்பீக்கப்பே 2010-ல் கெர்னலின் சோதனைப் பகுதியில் சேர்க்கப்பட்டு, 2020-ல்தான் அதிகாரபூர்வ இடத்துக்கு வந்தது. அக்சஸிபிலிட்டி என்றால் பத்து வருடம் வராண்டாவில் காத்திருக்கலாம் போல.

மைக்ரோசாஃப்ட் இந்தப் பக்கம் வர நேரம் எடுத்துக்கொண்டது. விண்டோஸை நிறுவும் திரையிலும் ரிப்பேர் செய்யும் திரையிலும் நரேட்டர் வந்தது 2017-ல், விண்டோஸ் 10-இன் ஒரு அப்டேட்டில். நரேட்டர் என்ற மென்பொருள் விண்டோஸ் 2000 காலத்திலேயே வந்துவிட்டது என்பதை இதோடு சேர்த்து யோசிக்கலாம்.

இன்னும் பேசாத இடங்கள்

2024 ஜூலை 19 பலருக்கு ஞாபகம் இருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் கோளாறான அப்டேட் ஒன்றால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் போட்டோ வைரலானது அப்போதுதான். அந்த மெஷின்களைச் சரிசெய்யப் பல இடங்களில் பிட்லாக்கரின் ரெகவரி கீ தேவைப்பட்டது. 48 இலக்கங்கள். கண் நன்றாகத் தெரிந்தவருக்கே மூச்சு வாங்கும் வேலை.

அந்தக் கீயைக் கேட்கும் திரை இரண்டு இடங்களில் வரலாம். ரிப்பேர் சூழலில் வந்தால் விண்டோஸ் கீ, கண்ட்ரோல், என்டர் அழுத்தி நரேட்டரைக் கிளப்பலாம். அதற்கும் முந்தைய பூட் மேனேஜர் கட்டத்திலேயே வந்தால், இந்த உதவிகள் இல்லாமல் போகலாம் என்று மைக்ரோசாஃப்ட்டின் ஆவணமே சொல்கிறது. அதாவது கம்ப்யூட்டர் மிகவும் பயமுறுத்தும் தருணத்தில், அது மிகவும் ஊமையாக இருக்கும்.

அதற்கும் கீழே பயாஸ், யூஇஎஃப்ஐ திரைகள். பென் டிரைவில் இருந்து பூட் செய்ய வரிசையை மாற்றுவது போன்ற எளிய வேலைகூட அங்கே கண்ணை நம்பித்தான். மொபைல் கேமராவைத் திரைக்கு நேராகப் பிடித்து, எழுத்தைப் படிக்கும் ஆப்பில் கேட்டுக் கேட்டு நகர்பவர்கள் உண்டு. 2015-ல் தொடங்கிய 'பீ மை ஐஸ்' ஆப்பில் முகம் தெரியாத தன்னார்வலரை வீடியோ காலில் அழைத்து, அம்புக்குறி எங்கே நிற்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. இதைச் சாமர்த்தியம் என்று பாராட்டலாம். ஆனால் கம்ப்யூட்டர் வாங்கிய ஒருவரிடம் ஏன் இந்தச் சாமர்த்தியத்தை எதிர்பார்க்கிறோம் என்றும் கேட்கலாம்.

மொபைலில் மட்டும் எப்படி முடிந்தது?

'என்க்ரிப்ஷன் இருந்தால் அன்லாக் ஆகும் வரை எதுவும் ஓடாது, என்ன செய்ய?' என்பது வழக்கமான பதில். ஆண்ட்ராய்டிலும் ஒருகாலத்தில் இதே கதைதான். மொத்த ஸ்டோரேஜையும் ஒரே பூட்டில் பூட்டும் பழைய முறையில், போன் ரீஸ்டார்ட் ஆனால் பின் நம்பர் போடும் வரை அலாரம் அடிக்காது, போன் கால் வராது, டாக்பேக் போன்ற அக்சஸிபிலிட்டி சேவைகள் ஓடாது.

2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7 இதை மாற்றியது. ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாகப் பூட்டு போடும் முறைக்குப் போனார்கள். போட்டோ, மெசேஜ் எல்லாம் அன்லாக் செய்த பிறகுதான் திறக்கும். அலாரம், கால், அக்சஸிபிலிட்டி போன்ற சில விஷயங்கள் மட்டும் அதற்கு முன்பே ஓடலாம். 'டைரக்ட் பூட்' என்று பெயர் வைத்தார்கள். பாதுகாப்பு குறையவில்லை; முன்கூட்டியே ஓட வேண்டியவை எவை என்று யாரோ உட்கார்ந்து பட்டியல் போட்டார்கள், அந்தப் பட்டியலில் ஸ்கிரீன் ரீடருக்கும் இடம் கொடுத்தார்கள்.

காலையில் அலாரம் அடிக்கவில்லை என்றால் கோடிக்கணக்கானவர்கள் திட்டுவார்கள். அந்தப் புண்ணியத்தில் டாக்பேக்கும் சேர்ந்து கரையேறியது என்று சொன்னால் தப்பில்லை. கம்ப்யூட்டரின் பூட் திரைக்கு அப்படி ஒரு கூட்டாளி கிடைக்கவில்லை.

பாதுகாப்பு என்ற காரணம்

லாகின் திரையில் வெளி மென்பொருளை ஓடவிடுவது ஆபத்து என்று ஐடி துறையினர் சொல்வதை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. அந்தத் திரையில் ஓடும் எதற்கும் சிஸ்டம் அளவிலான அதிகாரம் கிடைக்கும். அதனால்தான் செட்டிங்ஸை லாகின் திரைக்கு நகலெடுக்கும்போது ஆட்-ஆன்கள் இருந்தால், இது பாதுகாப்புச் சிக்கலாகலாம் என்று என்விடிஏவே எச்சரிக்கிறது. பாதுகாப்புத் திரைகளில் தன்னுடைய சில வசதிகளைத் தானே அணைத்தும் வைக்கிறது.

இது கவனமாகச் செய்ய வேண்டிய வேலை என்பதற்கான காரணம். செய்யாமல் விடுவதற்கான காரணமாக இதைக் காட்டுவதுதான் ஏற்க முடியாதது. ஆட்-ஆன் இல்லாத சுத்தமான என்விடிஏவை எல்லா மெஷினிலும் நிறுவி, அந்த டிக்கைப் போட்டுவைப்பது எந்த ஐடி டீமுக்கும் மலையைப் பெயர்க்கும் வேலை இல்லை. அதுவும் வேண்டாம் என்றால் நரேட்டர் விண்டோஸின் சொந்தப் பிள்ளை. அதைத் தடுத்துவைக்காமல் இருந்தாலே போதும்.

'பாஸ்வேர்டைச் சத்தமா படிச்சிடுமே' என்று சிலர் கேட்பார்கள். படிக்காது. பாஸ்வேர்டு பெட்டியில் ஒவ்வொரு எழுத்துக்கும் நட்சத்திரக் குறி என்றுதான் சொல்லும். கூச்சமாக இருந்தால் ஹெட்போன் இருக்கிறது. ஆனால் ஒயர் ஹெட்போன்தான் நல்லது. ப்ளூடூத் பெரும்பாலும் லாகின் ஆன பிறகுதான் ஒட்டிக்கொள்ளும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் அதிகம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதத்தைப் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளவர்களுக்கும் தருகிறது. அதே சட்டத்தின் 42-வது பிரிவு, அன்றாடம் பயன்படுத்தும் மின்னணுப் பொருள்கள் எல்லோரும் பயன்படுத்தும் வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 21-வது பிரிவு, ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று, ஆன்லைன் கேஒய்சி தொடர்பான வழக்கில், டிஜிட்டல் அணுகல் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சட்டத்தில் வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் டிஜிட்டல் அணுகல் என்றதும் எல்லோரும் இணையதளத்தையும் ஆப்பையும்தான் சோதிக்கிறார்கள். இணையதளத்தைத் திறக்க பிரவுசர் வேண்டும், பிரவுசருக்கு டெஸ்க்டாப் வேண்டும், டெஸ்க்டாப்புக்கு லாகின் வேண்டும். ஒரு வேலை ஆணை கையில் இருந்தும், மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர் 'உள்ளே வா' என்று சொல்லவில்லை என்றால், அந்த 1 சதவீதம் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கும்.

அலுவலகத்துக்கு மொத்தமாக கம்ப்யூட்டர் வாங்கும்போது டெண்டரில் ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு என்று வரி வரியாகப் போடுகிறார்கள். 'லாகின் திரையில் ஸ்கிரீன் ரீடர் வேலை செய்ய வேண்டும், ரெகவரி திரையிலும் பேச வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தால், தயாரிப்பாளர்கள் தாமாகவே பூட் மேனேஜரைப் பற்றி யோசிக்க ஆரம்பிப்பார்கள். இவர்கள் பரிவைவிடப் பர்ச்சேஸ் ஆர்டருக்குச் சீக்கிரம் பதில் சொல்வார்கள்.

உங்கள் ஆபீஸில், உங்கள் வீட்டில்...

டீமில் பார்வை மாற்றுத்திறனாளி ஒருவர் சேரப்போகிறார் என்றால், லேப்டாப் அவர் கைக்குப் போகும் முன்பே சில வேலைகளை முடித்துவைக்கலாம். எந்த ஸ்கிரீன் ரீடர், எந்தக் குரல் என்று முதலில் அவரிடமே கேட்க வேண்டும். நாமாக முடிவு செய்யக் கூடாது. கேட்டதை நிறுவி, லாகின் திரைக்கான டிக்கைப் போட்டு, அவர் தனக்குப் பிடித்தபடி செட்டிங்ஸை மாற்றிச் சேமித்த பிறகு அதை லாகின் திரைக்கும் நகலெடுக்க ஐடி டீமில் ஒருவர் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். பிட்லாக்கர் ரெகவரி கீ அவருக்குப் படிக்கக்கூடிய வடிவத்தில், வேறொரு சாதனத்தில் கிடைக்க வேண்டும். தாளில் பிரின்ட் எடுத்துக் கவரில் போட்டுக் கொடுப்பது அவருக்கு உதவாது. மானிட்டர் இணைத்தால் சத்தம் எங்கே போகிறது என்று ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, திரையைப் பார்க்காமல் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டிலோ ஆபீஸிலோ பொதுவாகப் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் இன்னொன்று. வேலை முடித்து எழும்போது மியூட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நேற்று ராத்திரி யாரோ அழுத்திய அந்த ஒரு பட்டனால், காலையில் எல்லா செட்டிங்ஸும் சரியாக இருந்தும் மெஷின் பேசாது. அணைத்துவைத்தது யார், எதை அழுத்தினார் என்று அடுத்து வருபவருக்குத் தெரியவே தெரியாது.